வழியில் விழுந்த விறகு

1976 ஒக்டோபர் 4, திங்கள். காலை 5.40. உச்சியில் வெட்டிக் கிடக்கும் மரம் 214.

மழை இல்லை. பனி. விரல் மரத்துப் பேனா பிடிக்க முடியவில்லை.

மரம் எல்லாம் கருப்பந்தேயிலை, அதாவது யூகலிப்டஸ். அத்தனையும் கீழே பெக்டரிக்கு வர வேண்டும், தேயிலைக் கொழுந்து காயவைக்கும் அடுப்புக்கு. எண்ணெய் விலை ஏறியதிலிருந்து தோட்டம் மறுபடி விறகுக்குத் திரும்பிவிட்டது. மரம் வளர்த்தவர்கள் மலை உச்சியில் வளர்த்தார்கள். பெக்டரி கட்டியவர்கள் அடிவாரத்தில் கட்டினார்கள். நடுவில் உள்ளதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. அந்த நடுவில் உள்ளதுதான் என் உத்தியோகம்.

இறக்க மூன்று வழி.

றோட்டு: லொறியில் பதினொரு மைல் சுற்று. லொறி பாதி நாள் பதுளைக் கராஜில்.

ஓடை: மரத்தில் கயிறு கட்டி ஓடை வழியே நேரே கீழே இழுப்பது. இத்தனை வருடமும் நடப்பது.

கம்பி: உச்சியிலிருந்து பெக்டரி முற்றம் வரை இரும்புக் கம்பி. அதில் கப்பி, கப்பியில் விறகுக்கட்டு. தன் பாரத்தில் தானே இறங்கும். எண்ணெய் வேண்டாம். நிலத்தில் ஒரு கீறல் விழாது. இதற்குத்தான் என்னைக் கொழும்பிலிருந்து அனுப்பினார்கள்.

ஓடையை ஏறிப் பார்த்தேன். இழுத்த தடம் இடுப்பளவு பள்ளம், பச்சைப் புண் மாதிரி. பக்கத்திலேயே ஊற்று. சுற்றிக் கல்தொட்டி, வெள்ளைக்காரன் காலத்தது. தொட்டியிலிருந்து குழாய் வழியே கீழ் லயத்துப் பீலிக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின் தண்ணீர்க்குழாய்க்கு, தண்ணீர். பதினெட்டுக் காம்பராவுக்கும் (காம்பராவுக்கு ஒரு குடும்பம்) குடிக்க, சமைக்க, குளிக்க அந்த ஒரு பீலிதான். அதை விட்டால் மேல் லயத்துப் பீலி. அரை மைல், முழுக்க ஏற்றம்.

இன்னொரு மழைக்கும் இழுத்தால் ஊற்றுக்கண் சேற்றில் மூடிப்போகும். இது என் அபிப்பிராயம் இல்லை. மண் எந்தப் பக்கம் சரிகிறது என்று கண் உள்ள எவனுக்கும் தெரியும்.

பெரிய துரையைப் பார்த்தேன். (தோட்ட மேனேஜர். இனி பெ.து. முழுதாக எழுதப் பொறுமை இல்லை.) கம்பி ஒழுங்காக ஓடினால் இழுப்பை நிறுத்திவிடுவாராம். ஏதும் பிழை வந்தால் அடுத்த நாளே ஓடைதான். எழுத்தில் கேட்டேன். சிரித்தார்.

அட்டைக்கடி நாலு. இடது சப்பாத்தின் அடி வாயைப் பிளந்துவிட்டது.

ஒக்டோபர் 6, புதன்.

காலை வெயில், பின்னேரம் தூறல்.

கம்பி மேலே போய்விட்டது. சுருளைப் பிரித்து, ஆளுக்கொரு முழ இடைவெளியில் தோளில் வைத்து, தேயிலை நிரையின் ஊடாக. உச்சியில் கட்டி, நடுவில் ஒரு தாங்குகம்பம், கீழே பெக்டரி முற்றத்தில் இறுக்கியாயிற்று. ஒரே நீளமாகக் கம்பி கிடைக்கவில்லை. இரண்டு துண்டு. மூட்டு, ஊற்றுக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. கப்பி அந்த இடத்தில் ஒரு துள்ளுத் துள்ளும். நல்ல கிளிப் போட்டால் துள்ளாது. கிளிப் பதுளையில் இல்லை. கடைக்கார நானா கொழும்புக்குச் சொல்லியிருக்கிறார்.

மரவெட்டுக் கூட்டத்துக்குத் தலைவர் மாரிமுத்துக் கங்காணி. ஐம்பது வயது இருக்கும். வெற்றிலை வாய். வேலை சுத்தம். என்னை இஞ்சினியர் ஐயா என்கிறார். நான் இஞ்சினியர் இல்லை, டெக்னிக்கல் ஒபிசர் என்று திருத்தினேன்.

"அது எங்களுக்கு வாயில வராதுங்க. நீங்க இஞ்சினியராவே இருந்துட்டுப் போங்க."

கீழ் லயத்துப் பீலியடியில் பேச்சி என்ற பொம்பிளை. கொழுந்தெடுப்பவள், நாற்பது நாற்பத்தைந்து. லயத்துப் பெண்கள் எதற்கும் முதலில் அவள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். பக்கத்தில் அவள் மகள் செல்வி, எட்டு மாதப் பிள்ளைத்தாச்சி, வாளியுடன். கம்பி எதற்கு என்று பேச்சி கேட்டாள். சொன்னேன்: "மரம் இழுத்தா மண் வரும். மண் வந்தா உங்கட தண்ணி போகும். விளங்குதோ?"

"வெளங்குதுங்க. தண்ணியில சேறு வந்தா துணியில வடிகட்டிக் குடிச்சுக்குவோம். வெறகு வராட்டி எதைங்க வடிகட்டி எரிக்கிறது?"

எல்லாரும் சிரித்தார்கள். திரும்பி நடக்கையில் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி என் மாதிரியே "விளங்குதோ" என்றாள். மறுபடி சிரிப்பு.

விஷயத்தை மாரிமுத்து சொன்னார். மரம் இழுக்கும்போது உரியும் பட்டை, முறியும் கொப்பு, தெறிக்கும் சிலாம்பு, எல்லாம் லயத்துச் சனத்துக்கு. வழியில் விழுந்தது லயத்துக்கு. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. வெள்ளைக்காரத் துரைகள் காலத்திலிருந்து வருகிறது. இழுப்பவர்கள் வளைவுக்கு வளைவு மரத்தைப் பாறையில் மோதவிடுவதும் இதற்காகத்தானாம். அந்த மோதலில்தான் கரை பெயர்கிறது.

அக்கா கடிதம். குடை வாங்கியாயிற்றா என்று கேட்டிருக்கிறாள். இல்லை.

ஒக்டோபர் 9, சனி.

முதல் கட்டு இறங்கியது.

அதற்கு முதல் ஒரு மணி நேரம் வீண். பெக்டரிச் சக்கரங்களுக்கு ரோதமுனி என்று சாமி இருக்கிறதாம். கப்பியும் சக்கரம்தானாம். கோழி, எலுமிச்சங்காய், சூடம். கப்பியில் நான் பூசிய கிரீசுக்கு மேல் குங்குமம். 

பிறகு தண்டவாளத் துண்டில் இரண்டு தட்டு, "விடு" என்று அர்த்தம். கீழிருந்து ஒரு தட்டு, "வந்துவிட்டது". நடுவில் விசில் மாதிரி ஒரு சத்தம், மலை முழுக்க. கட்டு பழைய லொறி டயர்களில் மோதி நின்றது. ஒரு குச்சி கழலவில்லை. ஓடையில் மூன்று நாள் இழுப்பதைப் பகலுக்குள் இறக்கிவிட்டோம். ஓடையில் ஒரு காலடி கூடப் படவில்லை.

மாரிமுத்து கம்பியைத் தொட்டுக் கும்பிட்டார். நானும் தொட்டேன். சூடாக இருந்தது.

டீமேக்கர் (பெக்டரிக்குப் பொறுப்பு) பாண் ரொட்டி வாங்கித் தந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வேலையை நினைத்தபடி செய்திருக்கிறேன். இதை ஒருவருக்கும் சொல்லப்போவதில்லை.

ஒக்டோபர் 12, செவ்வாய்.

மப்பு. மழை இன்னும் இல்லை.

டீமேக்கர் முறைப்பாடு. கட்டு மேலே கொழுத்துப் புறப்பட்டுக் கீழே மெலிந்து வருகிறதாம். கம்பியில் ஏறி விறகு சாப்பிடுகிற குரங்கு உண்டா என்று கேட்டார். சிரிக்கவில்லை.

ஏறிப் போனேன். நடுத் தாங்குகம்பத்தின் கீழ், தேயிலைக்குள், பத்துப் பன்னிரண்டு பெண்கள். சாக்கு, கயிறு. கட்டு ஒன்று வந்தது. கம்பத்தில் கப்பி குலுங்கியது. நாலைந்து கட்டை கழன்று இவர்கள் நடுவில். ஒன்று பேச்சியின் கூடைக்கு ஒரு முழத்தில். அவள் நகரக்கூட இல்லை.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. விசர், பைத்தியம் எல்லாம் அதில் இருந்தது.

"வழியில விழுந்தது லயத்துக்குங்க," என்றாள்.

"இது வழி இல்லை. ஆகாயம்."

"ஆகாயத்துல போனா அதுவும் வழிதானுங்களே."

மேலே கட்டுகிறவர்கள் மாரிமுத்துவின் ஆட்கள். அவர்கள் பெண்சாதி பிள்ளைகள் எல்லாம் கீழ் லயத்தில். தளர்த்திக் கட்டியிருக்கிறார்கள், கணக்காக நாலைந்து கட்டை மட்டும் விழுகிற மாதிரி. அவ்வளவு திறமை. அந்தத் திறமைக்கு முதல் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்

(இந்த வசனத்தை முடிக்கத் தெரியவில்லை.)

கம்பத்தின் கீழே முள்வேலி போடச் சொன்னேன். கம்பிக்குக் கீழே மனுசர் நிற்கக் கூடாது, நின்றால் செத்துப் போவீர்கள், விறகுக்கு உயிரைக் கொடுக்க வேண்டாம் என்று மூன்று முறை சொன்னேன். மாரிமுத்து மூன்று முறையும் தலையாட்டினார்.

ஒக்டோபர் 13, புதன்.

பெ.து.விடம் போனேன். என் யோசனை: நாளுக்கு ஒரு கட்டைக் கீழ் லயத்துக்கென்று ஒதுக்கி, இறுக்கிக் கட்டி, கம்பியிலேயே இறக்கிக் கொடுப்பது. கழிவுக் கொப்புத்தான். பெக்டரிக்கு உதவாதது. இழுப்பில் இதைவிடக் கூட விழுந்தது.

முடியாதாம். விழுவது வேறு, கொடுப்பது வேறு. கொடுத்தால் மேல் லயமும் கேட்கும், அடுத்த டிவிசனும் கேட்கும், கொழும்பிலிருந்து ஏன் கொடுத்தாய் என்று கேள்வி வரும். விழுந்ததைப் பற்றி எவனும் கேட்க மாட்டான். நான் தடுக்கவும் மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன் என்றார். அதைச் சொல்லிவிட்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார்.

அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க றோட்டு முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன். அவர் நாற்காலியில் இருந்து பார்த்தால் அது சரி. அதுதான் பிழை.

நாளையிலிருந்து ஒவ்வொரு கட்டின் முடிச்சையும் நானே பார்த்துத்தான் விடுவது.

ஒக்டோபர் 15, வெள்ளி.

மூன்று கயிறு, இரட்டை முடிச்சு. நேற்றும் இன்றும் ஒரு குச்சி விழவில்லை. டீமேக்கருக்குச் சந்தோஷம். மேலே கட்டுகிறவர்கள் என்னோடு கதைப்பதில்லை. ஒருவன் முடிச்சைக் காட்டி, "போதுங்களா ஐயா, இல்லாட்டி பசையும் போட்டு ஒட்டவா?" என்றான்.

கையில் கொப்புளம். பீலித் தண்ணீரை நேற்றிரவு ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து ஜன்னலில் வைத்தேன். காலையில் அடியில் ஒன்றுமே இல்லை. போன வாரம் அரை விரல் சேறு.

தண்ணீர் தெளிந்துவிட்டது. இதை யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. போத்தலை எடுத்துக்கொண்டு கீழ் லயம் வரை போய், திரும்பி வந்துவிட்டேன்.

ஒக்டோபர் 17, ஞாயிறு.

தூறல், நிற்கவே இல்லை.

மாரிமுத்து தன் காம்பராவுக்குக் கூப்பிட்டார். பேச்சியின் காம்பரா அடுத்தது. லயம் முழுக்க ஒரே புகை. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, ஈரம். ஊதி ஊதி எல்லார் கண்ணும் சிவப்பு. தேத்தண்ணி வர முக்கால் மணி. சீனி உள்ளங்கையில் கொஞ்சம், நக்கிக்கொண்டு குடிக்க.

பேச்சி வந்து வாசலில் நின்றாள். கேலி இல்லை. நல்லா இருக்கீங்களா ஐயா, அம்மா அப்பா சுகமா, கல்யாணம் ஆயிருச்சா என்று விசாரித்தாள். இந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை. "விளங்குதோ" என்று கேலி செய்திருந்தால் நன்றாயிருக்கும்.

வெள்ளிக்கிழமை தீபாவளி. மாவு இடித்தாயிற்றாம். பலகாரம் சுட எண்ணெய் கூட எப்படியோ தேடிவிட்டார்களாம். ஈரக் குச்சியில் எண்ணெய் காயாது என்று மாரிமுத்துவின் மனைவி சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அடுப்பைப் பார்த்து.

ஒருவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. 

ஒக்டோபர் 19, செவ்வாய்.

இரவு எட்டுக்கு எழுதுகிறேன். கையெழுத்து மோசம்.

காலை முதல் பஸ்ஸில் பதுளை. கிளிப் வந்துவிட்டதென்று நானா சொல்லி அனுப்பியிருந்தார். வரவில்லை. பெட்டி ரெயிலில் இருக்கிறது, ரெயில் ஹப்புத்தளையில் நிற்கிறது. குட்ஸ் ஷெட்டில் காத்திருந்தேன். இரண்டரைக்கு வந்தது. நல்ல கிளிப். கனம். பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நாளைக்கு மூட்டைச் சரிசெய்தால் கப்பி துள்ளாது, எவ்வளவு தளர்த்திக் கட்டினாலும் ஊற்றுக்கு மேல் விழாது என்று பஸ்ஸில் கணக்குப் போட்டபடி.

இறங்கும்போதே பெக்டரி முற்றத்தில் ஆட்கள். கம்பி ஓடவில்லை. எவனும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நடந்தது: நான் இல்லாததால் ஒரே ஒரு கட்டைத் தளர்த்தியிருக்கிறார்கள். தீபாவளிக்கு. சின்னக் கொப்பு பதினெட்டுக் காம்பராவுக்குக் காணாது என்று, பிளக்காத அடிக்கட்டை ஒன்றையும் சேர்த்துக் கட்டி. கம்பத்தடியில் விழவிடக் கூடாது, அங்கே சனம் வரும், ஐயா சொல்லியிருக்கிறார். ஆகவே கம்பத்தில் தாங்கி, மூட்டில் கழலும்படி கட்டினார்கள். மூட்டுக்குக் கீழே எவரும் நிற்பதில்லை. அங்கே ஊற்று. செருப்போடு கூடப் போக மாட்டார்கள்.

அடிக்கட்டை நேரே கல்தொட்டியில்.

லாந்தரோடு போய்ப் பார்த்தேன். தொட்டியின் மேற்கல் இரண்டாக, அடிக்கல் உள்ளே இறங்கி. ஊற்றுக்கண் இருந்த இடத்தில் கட்டை. தண்ணீர் இல்லை. காதை வைத்துக் கேட்டால் எங்கேயோ கீழே ஓடுகிற சத்தம்.

ஒருவருக்கும் காயமில்லை. நான் சொன்னதைக் கேட்டு நடந்ததால்.

ஒக்டோபர் 20, புதன்.

விடியலிலிருந்து அலவாங்கு, மண்வெட்டி. கட்டையை உருட்டி, கல்லை எடுத்து, ஆளுயரம் தோண்டினோம். மாரிமுத்து, அவர் ஆட்கள், நான். ஈரம் இருக்கிறது, தண்ணீர் இல்லை. பாறை வெடிப்பில் வேறு பக்கம் போய்விட்டது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. படித்த படிப்பில் இதற்கு ஒரு பக்கம் கூட இல்லை.

பத்து மணிக்குப் பெ.து. வந்தார். குடை பிடிக்க ஒரு ஆள். பார்த்தார். இரண்டே வார்த்தையில் முடித்தார். மனிதப் பிழை என்றால் ஆளைச் சொல்லு, அந்தக் கூட்டத்தையே செக்றோல் பெயர்ப்பதிவில் வெட்டிவிட்டு, வேறு கூட்டம் போட்டுக் கம்பியை ஓட்டலாம். ஆள் தெரியாதென்றால் கம்பிதான் பிழை, கம்பியை இறக்கு, சனிக்கிழமையிலிருந்து ஓடை. நாளைப் பின்னேரத்துக்குள் பதில்.

ஓடையால் இழுத்தால் ஊற்று போய்விடும் என்று வாயைத் திறந்தேன்.

இனி அங்கே கெடுக்க என்ன இருக்கிறது என்று கேட்டார். நியாயமான கேள்வி. கீழே வயல் இருக்கிறது, ஆறு இருக்கிறது என்றேன். அது தோட்டத்துக்கு வெளியே என்றார்.

மாலை மாரிமுத்து வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எம் பேர எழுதிக் குடுத்துருங்க ஐயா. பயலுகளுக்குச் சின்னப் புள்ளைங்க இருக்கு. நான்தான் கட்டுனேன்னு எழுதுங்க."

"நீங்கள் கட்டினீங்களோ?"

"நான் பாத்துக்கிட்டு நின்னேன்."

"துரை ஒரு பேரோட நிக்க மாட்டார். முழுக் கூட்டமும் போகும்."

வெற்றிலையை மென்றுகொண்டே நின்றார். பிறகு, "கம்பி நல்ல கம்பிங்க," என்றார். "இழுத்து இழுத்து எங்க தோளு போச்சு. கம்பி இருந்தா நல்லதுதான்."

கோபத்தில் அவரைக் கண்டபடி பேச நினைத்திருந்தேன். ஒரு கட்டு விறகு, ஒரு நாள், நான் வரும் வரை பொறுக்க முடியவில்லையா என்று. ஆனால் நான் வந்திருந்தால் கொடுத்திருப்பேனா? மாட்டேன். இறுக்கிக் கட்டியிருப்பேன்.

கிளிப் பை இன்னும் பிரிக்கவில்லை.

ஒக்டோபர் 21, வியாழன்.

மழை. கடைசியில் வந்தேவிட்டது. நமுனுகுல மலை தெரியவில்லை, எதிரில் இருக்கிற பெக்டரியே தெரியவில்லை.

பெ.து. பங்களாவுக்கு இன்னும் போகவில்லை. மணி மூன்று.

ஜன்னலால் பார்த்தால் மேல் லயத்துப் பாதை. கீழ் லயத்துப் பெண்கள் வரிசையாக, தலையில் குடம், முதுகில் மழைக்குச் சாக்குக் கொங்காணி. ஏறும்போது வெறுங்குடம், பரவாயில்லை. இறக்கம்தான் மோசம். வழுக்கு மண், பிடிக்க ஒன்றுமில்லை. செல்வி இரண்டு தரம் உட்கார்ந்துவிட்டாள். விழவில்லை, வேண்டுமென்றேதான் உட்கார்ந்தாள், வாளியை மடியில் வைத்து, அப்படியே சறுக்கிச் சறுக்கி. பேச்சி பின்னால் நின்று அவள் தோளைப் பிடித்தபடி. சிரிக்கிறார்களா அழுகிறார்களா என்று இங்கிருந்து தெரியவில்லை.

ஓடிப் போய் வாளியை வாங்கினேன். பேச்சி தரவில்லை.

"ஒரு நாளைக்கு நீங்க தூக்குவீங்க. நாளைக்கு யாருங்க?"

 அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தலை நனையுது, போங்க ஐயா என்றாள்.

இனிச் செய்ய வேண்டியது:

1. பெ.து.வுக்குப் பதில்: யார் கட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. கம்பி பிழை என்றும் எழுதித் தருவதில்லை. கம்பியில் பிழை இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் என்ன செய்வாரோ செய்யட்டும். இறக்கத்தான் சொல்வார்.

2. கம்பியை இறக்கிச் சுருட்டுவது. கிரீஸ் பூசி. துருப்பிடிக்க விடக் கூடாது.

3. சனிக்கிழமைக்கு முன் ஓடையில் குறுக்கே மரம் போட்டு மண் வயலுக்குப் போகாமல் மறிப்பது. நிற்காது. முதல் மரம் இழுத்ததும் உடையும். ஆனாலும் போடுவது.

4. மேல் லயத்துப் பாதையில் படி வெட்டுவது, மண்வெட்டிக்கு மாரிமுத்துவிடம் கேட்டு. பெ.து.விடம் கேட்பதில்லை. செல்விக்கு நாள் கிட்ட. அவள் சறுக்கிய வளைவிலிருந்து தொடங்குவது. இன்றைக்கே, வெளிச்சம் இருக்கிறபோதே.